நிறுத்திய மாத்திரையும் விலைக்கு வாங்கிய நான்கு புட்டிகளும்

பட்டுப்புழு வளர்க்கும் எல்லோரையும் போல நானும் ஒரு நோட்டில் கணக்கு எழுதி வைப்பவள். எந்தத் தேதியில் எத்தனை முட்டைத் தொகுதி எடுத்தேன், வளர்ப்பு மனையில் காலையிலும் மாலையிலும் வெப்பம் எவ்வளவு இருந்தது, தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் கிலோ என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். 2023-ஆம் ஆண்டு நோட்டில் ஏப்ரல் 12 முதல் மே மாதம் முதல் வாரம் வரை பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரு கூட்டல் மட்டும் இருக்கிறது: சத்துப் புட்டிகள் நான்கு, 11,400 ரூபாய், தனியார் மருத்துவமனையில் இரண்டு இரவு, 38,600, அதன் பிறகான பரிசோதனைகளும் பயணமும், 6,200, கவனிக்க ஆளில்லாமல் கெட்டுப்போன 100 முட்டைத் தொகுதிப் புழுக்களிலிருந்து வந்திருக்க வேண்டிய 70 கிலோ கூடு, கிலோ 550 ரூபாய் வீதம் 38,500. மொத்தம் 94,700 ரூபாய். மாதத்துக்கு 300 ரூபாய்கூட ஆகாத, 'பீட்டா பிளாக்கர்' என்ற வகை இதய மாத்திரை ஒன்றை நானாக நிறுத்தியதால் வந்த இழப்பு இது. அப்படி நிறுத்தக் கூடாது என்று யாராவது ஒருவர் காதில் போட்டிருந்தால் போதுமே என்று பின்னால் பலமுறை எண்ணியிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் இடையில் ஒன்றரை ஏக்கர் மல்பெரித் தோட்டமும் அதிலேயே வீடும் எனக்கு இருக்கின்றன. கணவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மகள் கோயம்புத்தூரில் குடும்பமாக இருக்கிறாள். 2022-ஆம் ஆண்டு ஆடி மாதத்திலிருந்து, தழைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு இரைக்கத் தொடங்கியது. ஐம்பத்தொரு வயதில் இரத்தம் குறைந்திருக்கும் என்று நானே முடிவு செய்து, பேரீச்சம்பழமும் முருங்கைக் கீரையும் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு மாதத்தைக் கடத்தினேன். மாலையில் கால் வீங்கியது. நாள் முழுவதும் நின்று வேலை செய்வதால் வருகிறது என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி, மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்து தூங்கும் நிலை வந்த பிறகுதான் தர்மபுரிக்குப் போனேன். நடந்தால் இரைப்பது, மாலையில் கால் வீங்குவது, தலையணையின் எண்ணிக்கை கூடுவது ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து வந்தால், அது இரத்தச்சோகையா வேறொன்றா என்பதை வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்காமல் அந்த வாரத்திலேயே ஓர் எக்கோ, அதாவது ஒலியலை கொண்டு இதயத்தைப் படமெடுக்கும் பரிசோதனை, எடுத்துவிடுவது நல்லது. நான் கடத்திய இரண்டு மாதத்தில் என் இதயம் எவ்வளவு தளர்ந்தது என்று இன்றும் கணக்குப் போட முடியவில்லை.

நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 108 இருந்தது. இதயத்தின் இடது கீழறை விரிந்து, தசை தளர்ந்திருப்பது எக்கோவில் தெரிந்தது. இதயக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லை. கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளிவிடும்; அறிக்கையில் 'இ.எஃப்.' என்று குறிக்கப்படும் அந்தப் பங்கு எனக்கு 30 விழுக்காடுதான் இருந்தது. நீர் பிரிவதற்கு இரண்டு மாத்திரை, இரத்தக் குழாயைத் தளர்த்துவதற்கு ஒன்று, இவற்றோடு மெட்டோப்ரொலால் சக்சினேட் என்ற சின்ன மாத்திரையில் பாதி, அதாவது 12.5 மில்லிகிராம், எழுதிக் கொடுத்தார்கள். நான்கில் மூன்று எதற்கென்று எனக்கே புரிந்தது, ஏனென்றால் கால் வீக்கம் வடிந்தது. பாதி மாத்திரை எதற்கென்று நான் கேட்கவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள், மருத்துவரும் சொல்லவில்லை. 'இது பீட்டா பிளாக்கர், துடிப்பைக் குறைக்கும்' என்று மருந்துக்கடைப் பையன் சொன்னதுதான் எனக்குத் தெரிந்த முழு விவரம். சீட்டில் உள்ள ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே 'இது எதற்கு, நிறுத்தினால் என்ன ஆகும்' என்ற இரண்டு கேள்விக்கும் விடையை அன்றைக்கே எழுதி வாங்கியிருந்தால், மேலே சொன்ன கூட்டலை நான் போட்டிருக்கவே வேண்டியதில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டி, டிசம்பர் மாதம் 50 மில்லிகிராமுக்கு வந்தேன். மூச்சிரைப்பு நின்றது, மார்ச் மாதம் எடுத்த எக்கோவில் இ.எஃப். 41 ஆக ஏறியிருந்தது. ஆனால் அளவு கூடிய ஒவ்வொரு முறையும் பத்து நாள் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. விடியற்காலை விரல்கள் சில்லிட்டுப்போயின. இறந்தவர்கள் எல்லாம் வந்து பேசுகிற மாதிரி தெளிவான கனவுகள் வந்தன. இவை மூன்றும் இந்த மருந்து வகைக்கு ஏற்கெனவே அறியப்பட்ட பக்கவிளைவுகள் என்பதும், களைப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தணியும் என்பதும், தணியாவிட்டால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு என்பதும் எனக்குத் தெரியாது. மருத்துவரிடம் சொன்னால் 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது' என்று விடுவாரோ என்ற கூச்சத்தில், களைப்பைப் பற்றி ஒரு முறைகூட வாய் திறக்கவில்லை. எழுதுவதற்குச் சங்கடமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்த மாத்திரைமீது எனக்கு ஒரு கோபமே இருந்தது.

அந்தக் கோபம் இருந்த நேரத்தில்தான் புட்டிகள் வந்தன. தூரத்து உறவினர் ஒருவர், சங்கிலித்தொடர் முறையில் சத்து மாத்திரை விற்பவர், பங்குனி மாதம் வீட்டுக்கு வந்தார். கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். அதில் சொன்னது இது: இதய நோய்க்கு மூல காரணம் ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது இரும்பில் துருப் பிடிப்பதுபோல நம் உயிரணுக்கள் உள்ளுக்குள் துருப் பிடிப்பது. அந்தத் துருவை நீக்க எதிர்-ஆக்சிஜனேற்றச் சத்துகள் போதும். 'இரசாயன மாத்திரைகள்' நோயின் வேரைத் தொடுவதில்லை என்று அதில் ஒருவர் சரளமாகப் பேசினார். வைட்டமின் ஈ, திராட்சை விதைச் சாறு, இன்னும் ஏதேதோ சேர்ந்த புட்டி ஒன்று 2,850 ரூபாய். நான்கு மாதத்துக்கு நான்கு புட்டி. காணொளியில் சொன்ன எல்லாமே பொய்யாக இருந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன் என்று இப்போது நினைக்கிறேன். தளர்ந்த இதயத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்பது உண்மைதான். அந்த உண்மையைத் தொட்டுக்கொண்டுதான் மற்றதை விற்றார்கள். ஏப்ரல் 7-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை, களைப்பு தரும் சின்ன மாத்திரையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற மூன்றோடு புட்டி மாத்திரையைத் தொடங்கினேன்.

முதல் இரண்டு நாள் எனக்குச் சுறுசுறுப்பாகக்கூட இருந்தது. அதைப் புட்டியின் மகிமை என்று நம்பினேன். மூன்றாம் நாள் மதியம் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுக்குள் படபடவென்று அடித்தது. நான்காம் நாள் தலை பாரமாக இருந்தது. அப்போது புழுக்கள் நான்காம் தோலுரிப்பு முடிந்து ஐந்தாம் பருவத்துக்கு வந்திருந்தன. தழை அதிகமாகத் தின்னும் நாள்கள் அவை, ஒரு வேளை தவறினாலும் கூடு இளைத்துவிடும். ஆகவே படபடப்போடு தழை அறுத்தேன். ஐந்தாம் நாள் இரவு ஒன்றரை மணிக்கு மூச்சே உள்ளே போகாமல் விழித்தேன். உட்கார்ந்தும் முடியவில்லை, நின்றும் முடியவில்லை. இருமினால் நுரையாக வந்தது. வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு 108-க்கு அழைத்து, 'தனியாக இருக்கிறேன், மூச்சு விட முடியவில்லை' என்று சொல்வதற்குள் மூன்று முறை நிறுத்த வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்கு ஆன இருபத்தைந்து நிமிடத்தில் மகளுக்கு அழைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அழைத்தால் அவள் பயந்துபோவாள், அழைக்காமல் போய்விட்டால் என்ன நினைப்பாள் என்று. தனியாக வசிப்பவர்கள், நோயின் பெயரையும் சாப்பிடும் மருந்துகளையும் பெரிய எழுத்தில் எழுதி வாசல் கதவின் உட்புறம் ஒட்டி வைக்க வேண்டும். என்னிடம் கேட்ட எந்தக் கேள்விக்கும் அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவசரத்தில் முதலில் போன தனியார் மருத்துவமனையில் ஆக்சிஜனும் நீர் பிரிக்கும் ஊசியும் கொடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள்; அதற்கு நன்றி உண்டு. ஆனால் முன்பணம் கேட்ட நேரத்தில், கையில் இருந்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. செல்லாது என்று மறுநாள்தான் தெரிந்தது. உங்கள் ஊரைச் சுற்றி எந்த மருத்துவமனைகள் அந்தத் திட்டத்தில் இருக்கின்றன என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் அரசு மருத்துவமனைக்கு மாறினேன். அங்கே எக்கோ எடுத்தபோது இ.எஃப். 32-க்கு இறங்கியிருந்தது, இரத்த அழுத்தம் 160/100. ஆறு மாதத்தில் சேர்த்ததில் பெரும்பகுதி ஐந்து நாளில் போய்விட்டது. அங்கே இருந்த இளம் பெண் மருத்துவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, 'எந்த மாத்திரையை விட்டீங்க அம்மா?' என்று நேராகவே கேட்டார். புட்டியைப் பற்றிச் சொன்னதும் அவர் திட்டவில்லை. 'துருவைக் குறைக்கணும்னு நினைச்சது தப்பில்ல. ஆனா அதைக் குறைச்சிட்டு இருந்த மாத்திரையத்தானே நிறுத்திட்டீங்க' என்றார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படமும் வரைந்தார். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

அவர் சொன்னதையும், ஓசூரில் மருந்து நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் பிறகு வாரக் கணக்கில் பொறுமையாக விளக்கியதையும் சேர்த்து, எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணடுப்புகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆக்சிஜனைக் கொண்டு சத்தை எரித்து ஆற்றல் தருபவை அவை. எந்த அடுப்பிலும் கொஞ்சம் புகை வரத்தான் செய்யும்; இந்த அடுப்பின் புகை என்பது, வழிதவறிய மின்னணுக்கள் ஆக்சிஜனோடு ஒட்டி உண்டாகும் சூப்பர்ஆக்சைடு போன்ற வினைமிகு மூலக்கூறுகள். வழக்கமான அளவு புகையை உடம்பிலேயே இருக்கும் நொதிகள் சமாளித்துவிடும். இதயம் தளரும்போது, இரத்த ஓட்டம் போதவில்லை என்று உடம்பு பதறி, அட்ரினலினையும் நாரட்ரினலினையும் அள்ளிக் கொட்டுகிறது. அவை உயிரணுவின் மேல் சைகைகளை வாங்குவதற்கென்று உள்ள பீட்டா ஏற்பிகளில் அமர்ந்து, 'வேகமாக ஓடு' என்று விரட்டுகின்றன. உள்ளே கால்சியம் பெருகுகிறது, அடுப்பில் விறகு திணிக்கப்படுகிறது, புகை அடர்கிறது. போதாததற்கு, மிகுதியான அட்ரினலின் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்தும் நச்சுப் பொருள்களை உண்டாக்குகிறது. அந்தப் புகை உயிரணுவின் கொழுப்புச் சவ்வையும் புரதத்தையும் மைட்டோகாண்ட்ரியாவையுமே அரிக்கிறது. அரிபட்ட அடுப்பு இன்னும் அதிகமாகப் புகைகிறது. எங்கள் பக்கத்தில் வோல்டேஜ் குறைந்த நேரத்தில் ஓடவிட்ட ஆழ்துளைக் கிணற்று மோட்டார் காயில் எரிந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு, இதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பீட்டா பிளாக்கர் செய்வது அந்த ஏற்பியை மறித்து உட்காருவதுதான். துடிப்பு குறைகிறது, கால்சியத்தின் அலைக்கழிப்பு குறைகிறது, இதயம் கேட்கும் ஆக்சிஜன் குறைகிறது, அதனால் புகையும் குறைகிறது. என் துடிப்பு 108-இலிருந்து 64-க்கு வந்தது என்றால், நிமிடத்துக்கு 44 வீதம் ஒரு நாளைக்கு 63,360 துடிப்பு மிச்சம் என்று நோட்டிலேயே பெருக்கிப் பார்த்தேன். 1960-களில் முதன்முதலாகப் பரவலான பயன்பாட்டுக்கு வந்த ப்ரொப்ரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்கின் எண்ணமும் இதுவாகவே இருந்தது: இதயத்துக்கு ஆக்சிஜனைக் கூடுதலாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைவிட, அது கேட்கும் அளவைக் குறைப்பது. அதற்காக அவருக்கு 1988-இல் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. ஆனால் தளர்ந்த இதயத்துக்கு இதைக் கொடுப்பது, ஓட முடியாதவனின் கையில் இருக்கும் கோலையும் பிடுங்குவது என்றே அன்றைய மருத்துவ உலகம் கருதியது. 1975-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைனும் அவருடைய கூட்டாளிகளும் இதயத்தசை தளர்ந்த ஏழு நோயாளிகளுக்குத் துணிந்து கொடுத்து, அவர்கள் தேறியதை எழுதினார்கள். அதை மற்றவர்கள் ஏற்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. 1999-இல் பைசோப்ரொலாலையும் மெட்டோப்ரொலால் சக்சினேட்டையும் தனித்தனியே ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்த இரு பெரிய ஆய்வுகளும், இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டின.

என் கதையை முன்கூட்டியே எழுதி வைத்ததுபோல ஓர் ஆய்வும் அதே கோத்தன்பர்க் குழுவிடமிருந்து 1989-இல் வந்திருக்கிறது. விரிவடைந்த இதயத்தசை நோயுள்ளவர்களுக்கு மெட்டோப்ரொலால் நீண்ட நாள் கொடுத்துத் தேற்றிய பிறகு, மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். பலருடைய இதயம் மீண்டும் சரிந்தது, திரும்பக் கொடுத்தபோது மறுபடி தேறத் தொடங்கியது. அக்கா மகன் இதைப் படித்துக் காட்டிவிட்டு, 'சித்தி, நீங்க சொந்தச் செலவுல அதே ஆராய்ச்சிய பண்ணியிருக்கீங்க' என்றான். சிரிப்பு வரவில்லை. திடீரென்று நிறுத்தினால் ஏன் இப்படி ஆகிறது என்பதற்குக் காரணம் உண்டு. ஏற்பிகள் மறிக்கப்பட்டிருக்கும் மாதங்களில், போதிய சைகை வரவில்லை என்று உயிரணு ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டி வைத்துக்கொள்ளும். மறிப்பை ஒரே நாளில் எடுத்தால், கூடுதலாக முளைத்தவை உட்பட எல்லாமே ஒருசேர அட்ரினலினிடம் மாட்டிக்கொள்ளும். ஆகவே எந்தக் காரணத்துக்காக நிறுத்த நேர்ந்தாலும், மருத்துவரின் கண்காணிப்பில் ஒன்று முதல் இரண்டு வாரம் வரையிலாவது படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும் என்பது இந்த மருந்தோடு வரும் எச்சரிக்கைத் தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாள் மடிந்து மடிந்து அட்டைப் பெட்டிக்குள் கிடக்கும். நமக்கோ அட்டையை வெட்டிப் பத்து மாத்திரையாகத்தான் தருகிறார்கள்.

இம்முறை நுரையீரலில் தேங்கிய நீர் வடிந்த பிறகு, மெட்டோப்ரொலாலுக்குப் பதிலாகக் கார்விடிலால் 3.125 மில்லிகிராம் இரண்டு வேளை என்று தொடங்கினார்கள். என் இரத்த அழுத்தத்துக்கும் அது பொருந்தும் என்றார் மருத்துவர். கார்விடிலாலின் மூலக்கூறில் கார்பசோல் என்ற ஒரு பகுதி இருக்கிறது. பீட்டா ஏற்பியை மறிப்பது போக, அந்தப் பகுதி நேரடியாகவே வினைமிகு மூலக்கூறுகளைப் பிடித்து அடக்குவதையும், கொழுப்புச் சவ்வு அரிபடுவதைத் தடுப்பதையும் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். என்னைப் போன்ற நோயாளிகளின் இதயத்திலிருந்து ஊசிமுனை அளவு தசையை எடுத்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. கார்விடிலால் சாப்பிட்ட சில மாதங்களில், கொழுப்பு அரிபட்டதற்கான அடையாளப் பொருள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது. இதைக் கேட்டதும், 'அப்படியானால் முதலிலேயே இதைக் கொடுத்திருக்கலாமே' என்று கேட்டேன். அதற்கு விடையாக அக்கா மகன் இன்னோர் ஆய்வைக் காட்டினான். 1999-இல் அமெரிக்காவில் கார்விடிலாலையும் மெட்டோப்ரொலாலையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, இரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளந்திருக்கிறார்கள். இரண்டிலுமே அது குறைந்தது, இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. துருவைத் துடைக்கும் தனிப் பகுதி எதுவும் இல்லாத மெட்டோப்ரொலாலும் துருவைக் குறைத்தது என்றால், விறகைக் குறைத்ததுதான் முக்கிய வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது. இவை சிறிய ஆய்வுகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இறப்பு குறைகிறது என்பது உறுதியாக நிறுவப்பட்டது. அதில் எவ்வளவு பங்கு இந்த ஆக்சிஜனேற்றப் பாதுகாப்பால் வருகிறது என்பது அந்த அளவுக்கு நிறுவப்பட்டதல்ல.

புட்டிகளுக்கு வருவோம். புகையடிக்கும் சமையலறையில் ஜன்னலைத் திறப்பது ஒன்று, அடுப்பில் திணிக்கும் விறகைக் குறைப்பது வேறொன்று. நான் ஜன்னலுக்கு 11,400 ரூபாய் கொடுத்துவிட்டு, விறகை இரட்டிப்பாக்கினேன். அந்த ஜன்னலாவது திறந்ததா என்றால், அதுவும் ஐயம்தான். இதய நோய் வரும் வாய்ப்பு மிகுந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த 'ஹோப்' என்னும் பெரிய ஆய்வு 2000-இல் வெளியானது. மாரடைப்பையோ இறப்பையோ அது குறைக்கவில்லை. அதே ஆய்வைத் தொடர்ந்து நடத்தி 2005-இல் வெளியிட்டபோது, வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் தளர்ந்து போதிய இரத்தத்தை இறைக்க முடியாத நிலை, சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டது. எனக்கு இருந்த நோயே அதுதான். மீதமிருந்த மூன்றே முக்கால் புட்டியைத் திருப்பித் தர முயன்றேன். திறக்காத புட்டிக்கும் பணம் திரும்ப வராது என்றார் உறவினர். கொய்யா, நெல்லிக்காய், கேழ்வரகு, கீரை என்று உணவில் இயல்பாக வரும் சத்துகளைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. செறிவாக்கி அடைத்த மாத்திரைதான் வேறு விஷயம். எதைப் புதிதாகத் தொடங்கினாலும், அது மூலிகையே ஆனாலும், மருத்துவரிடம் புட்டியையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கார்விடிலாலை உணவோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று சொன்னார்கள். நான் அதைச் சம்பிரதாயம் என்று நினைத்து, ஒருநாள் விடியற்காலை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு தழை அறுக்கக் குனிந்து நிமிர்ந்தேன். கண் இருட்டி வரப்பில் சரிந்ததில் முழங்கை சிராய்த்தது. இந்த மருந்து இரத்தக் குழாயையும் தளர்த்துவதால் எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கலாம். வயிற்றில் உணவு இருந்தால் மருந்து மெதுவாக இரத்தத்தில் கலக்கும், தலைசுற்றலும் குறையும். இப்போது காலையில் களியோ இட்லியோ சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. படுக்கையிலிருந்து எழும்போதும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுகிறேன். களிக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டுக் குழம்பை விட்டதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. உப்பு கூடினால் நீர் தேங்கும் என்பதால் தினமும் காலையில் எடை பார்க்கிறேன். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மருந்துக்கடையில் கவனிக்க வேண்டியது, பெயரின் பின்பாதி. மெட்டோப்ரொலாலில் டார்ட்ரேட், சக்சினேட் என்று இரண்டு வகை உண்டு. சக்சினேட் ஒரு நாள் முழுவதும் மெதுவாகக் கரைவது, இதயச் செயலிழப்பில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டதும் அதுவே. டார்ட்ரேட் சீக்கிரம் கரைந்து தீர்வது. ஒருமுறை எனக்கு 'ரெண்டும் ஒண்ணுதான் அக்கா' என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், பழைய அட்டையோடு ஒப்பிட்டபோது தெரிந்தது. மெதுவாகக் கரையும் மாத்திரையைக் கோட்டில் பாதியாக உடைக்கலாமே தவிர, பொடிக்கவோ மெல்லவோ கூடாது. இன்னொன்று, இந்தக் குடும்பத்து மருந்துகளின் பெயர்கள் பெரும்பாலும் 'லால்' என்று முடியும். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் எங்கள் ஊர்களில் பலருக்கு இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பெரிய உதவி அது. ஆனால் அதில் அட்டெனலால் இருந்து, வெளியே வாங்குவதில் மெட்டோப்ரொலாலும் இருந்தால், ஒரே வேலையைச் செய்யும் இரண்டை ஒருவர் சாப்பிடுகிறார் என்று பொருள். கண் நீர் அழுத்தத்துக்கு விடும் டிமலால் சொட்டு மருந்தும் இதே குடும்பம்தான். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மருந்து மறைத்துவிடலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறையாது, அதைக் கொண்டு உஷாராக வேண்டும். பொங்கல், தேர்த் திருவிழா என்று கடை அடைக்கும் நாள்களை எண்ணிப் பத்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பாக வைத்திருக்கிறேன்.

என் கதையை வைத்து, பீட்டா பிளாக்கர் சாப்பிடும் எல்லோருக்கும் அது ஆயுள் முழுவதும் வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாரடைப்புக்குப் பிறகு இதயத்தின் இறைப்பு நன்றாகவே இருப்பவர்களுக்கு இதனால் கூடுதல் பயன் தெரியவில்லை என்று, ஐயாயிரம் பேரை வைத்துச் செய்த 'ரிடியூஸ்' என்னும் ஆய்வு 2024-இல் காட்டியிருக்கிறது. காரிமங்கலத்தில் உள்ள என் நாத்தனார் அந்த வகை. அவருடைய மருத்துவரே மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார், ஒன்றும் ஆகவில்லை. இறைப்பு குறைந்தவர்களின் நிலை வேறு. உங்கள் எக்கோ அறிக்கையில் இ.எஃப். எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டு, 'எனக்கு இது எந்தக் காரணத்துக்காக?' என்று கேட்டால், நீங்கள் எந்தப் பக்கம் என்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

நான்கு மாதத்தில் கார்விடிலால் 25 மில்லிகிராம் இரண்டு வேளைக்கு வந்தது. களைப்பைப் பற்றி இந்தத் தடவை வாய்விட்டுச் சொன்னதால், இடையில் ஒரு படியில் இரண்டு வாரத்துக்குப் பதிலாக ஐந்து வாரம் அதே அளவில் வைத்திருந்து, பிறகு கூட்டினார்கள். 2024 ஜனவரி எக்கோவில் இ.எஃப். 46. விரல்கள் மார்கழியில் இப்போதும் சில்லிடுகின்றன, கனவுகள் குறைந்துவிட்டன. ஒரு வளர்ப்புக்கு 100 முட்டைத் தொகுதி எடுத்த இடத்தில் 60 மட்டும் எடுத்து, ஐந்தாம் பருவத்து எட்டு நாளைக்கும் கூலிக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்கிறேன். நோட்டில் வெப்பமும் ஈரப்பதமும் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். இன்று காலை எழுதியது: 25 டிகிரி, ஈரம் 72, துடிப்பு 62, எடை 53 கிலோ 400.